ஆமையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது

எழுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. கொழிஞ்சாம்பாறையில் சாமான் வாங்கிக்கொண்டு எருத்தேன்பதிக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு மழை பெய்து அப்போதுதான் வெறித்திருந்தது. ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். எட்டிப் பார்த்தால் ரோட்டின் நடுவில் ஒரு ஆமை. தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். கறுப்பு ஓட்டில், கட்டத்துக்கு ஒன்றாக மஞ்சள் நட்சத்திரம் வரைந்து வைத்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் காட்டாமை என்பார்கள். நான் படித்த புத்தகத்தில் நட்சத்திர ஆமை.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் வண்டியை ஏற்ற அவருக்கு மனசில்லை. இறங்கிப் போய் எடுத்து ஓரமாக வைக்க பஸ்ஸில் ஒரு ஆளும் தயாரில்லை. எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, அது தானாக நகரட்டும் என்று காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் இரண்டு கையாலும் தூக்கி, வேலியோரம் விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி ஏறினால், நான் உட்கார்ந்திருந்த சீட்டில் பக்கத்து அம்மாள் தன் கூடையை எடுத்து வைத்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, படிச்ச புள்ளைங்க நீங்க. ஆமையத் தொட்டுட்டு அந்தக் கையோட ஊட்டுக்குப் போவீங்களா?" என்றார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்று பின்னாலிருந்து ஒருவர் தொடங்கினார். கண்டக்டர் என் கையிலிருந்து சில்லறையை வாங்கவில்லை. தோல்பையைத் திறந்து நீட்டி, "உள்ளயே போட்ருங்க அம்மிணி" என்றார். மீதி ஐந்து பைசாவை சீட்டின்மேல் வைத்தார்.

பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. பாலக்காட்டில் விலங்கியல் படித்து முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரின் லீவுக்குப் பதிலாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதையாவது செய்ய வேண்டும் என்று கை கால் எல்லாம் துறுதுறுத்தன. எங்கள் நிலத்தில் இவ்வளவு அழகான ஒரு பிராணி இருக்கிறது; அது குறைந்துகொண்டே வருகிறது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் அதன்மேல் பாசமில்லை, வெறும் பயம். பயத்தைப் போக்கிவிட்டால் பாசம் வரும். பாசம் வந்தால் ஆமை பிழைக்கும். இவ்வளவுதானே கணக்கு!

வெளியூரில் ஒரு இயற்கைச் சங்கம் இருந்தது. அழியக்கூடிய உயிர்களை ஊர் மக்களோடு சேர்ந்து காப்பாற்றும் குழுக்களுக்கு அவர்கள் சிறிய தொகை கொடுப்பதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். எழுதிக் கேட்டதும் படிவம் வந்தது. 'மக்களின் பங்கு என்ன?' என்று ஒரு கேள்வி. 'குழு உறுப்பினர்கள் யார்?' என்று இன்னொன்று. இரண்டையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பூர்த்தி செய்துவிட்டேன். முதல் கேள்விக்கு, ஆமையைப் பற்றிய மூடநம்பிக்கையைப் பள்ளிப் பிள்ளைகள் மூலம் ஒழிப்போம் என்று எழுதினேன். இரண்டாவதற்கு, தலைவர் என்று அப்பா பெயர், செயலாளர் என்று என் பெயர், உறுப்பினர் என்று என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்து, பிறகு ஆடு மேய்க்கப் போய்விட்ட தோழியின் பெயர். அப்பாவிடம் கையெழுத்து வாங்கும்போதாவது விஷயத்தைச் சொன்னேன். "அபேட்சையா? எங்க போடோணும் கண்ணு?" என்று கேட்டுப் போட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். விண்ணப்பத்தை எங்கள் பக்கத்தில் அபேட்சை என்பார்கள். தோழியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. அவள்தானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

தோழி ஆடு மேய்த்த இடம் ஊருக்கு மேற்கே இருக்கிற ஒரு கொரங்காடு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: உழாமல் புல்லுக்கென்றே விட்டு வைத்து, சுற்றிலும் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலம்தான் கொரங்காடு. இது பன்னிரண்டு ஏக்கர். சொந்தக்காரர் பொள்ளாச்சியில் இருந்தார். வேலியின் அடிப்பகுதி அடர்ந்து இருட்டாக இருக்கும். ஆமைகள் பகலெல்லாம் அதற்குள்தான் முடங்கிக் கிடக்கும். மழை விட்டதும் புல்லுக்கு வெளியே வரும்.

அந்த ஐப்பசி கார்த்திகையில் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அங்கே போனேன். கண்ணில் பட்ட ஒவ்வொரு ஆமைக்கும் ஓட்டின் பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் சின்னதாக எண் போட்டேன். மொத்தம் பத்தொன்பது. தோழி கோலை ஊன்றிக்கொண்டு பார்த்துச் சிரிப்பாள்.

"ஏம்புள்ள, ரேசன் கடச் சாக்குக்குப் போடறாப்பல நம்பர் போடற? உன்ற ஆமை எண்ணெய் வாங்கவா போகுது?"

ஆனால் அவள் ஒன்றைக்கூடத் தொடமாட்டாள். கோலால் இடத்தைக் காட்டுவாள், அவ்வளவுதான். ஒருநாள் நான் ஒரு குட்டி ஆமையை அவள் முகத்துக்கு நேரே நீட்ட, அவள் ஓடிய ஓட்டத்தில் ஆடுகள் மிரண்டு நாலு பக்கமும் சிதறின. அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வைகாசியில் பணம் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் மீதிப் பாதி, வேலையை நேரில் வந்து பார்த்த பிறகு தரப்படும் என்று கடிதத்தில் இருந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் 'ஆமை நம் தோழன்' என்று தொடங்கிவிட்டேன். படம் வரையும் போட்டி, பாட்டு, ஊர்வலம். ஒரு ஆமையைப் பெஞ்சின்மேல் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக வந்து தொட வேண்டும் என்றேன். முதல் நாள் மூன்று பேர் தொட்டார்கள், ஒரு பெண் அழுதாள். இரண்டாவது வாரம் அழுத பெண்ணே ஆமையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மாவையும் தொட வைக்கிற பிள்ளைக்கு எவர்சில்வர் தூக்குப்போசி, அதாவது தூக்குவாளி, பரிசு என்று அறிவித்தேன். அதன் பிறகு கேட்க வேண்டுமா! ஆடி நோம்பிக்குள் பதினொரு போசி கொடுத்தாகிவிட்டது. ஒரு வீட்டில் ஆமைக்கென்று ஓடு வேய்ந்து சின்னப் பட்டியே கட்டிவிட்டார்கள். தொட்டால் ஒன்றும் ஆகாது, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடிக்கொண்டு திரிந்தார்கள். எல்லாவற்றையும் படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பினேன்.

ஐப்பசி பிறந்ததும் பதில் வந்தது. சங்கத்தின் செயலாளர் கார்த்திகை முதல் வாரம் நேரில் வருகிறார். ஊர் முழுக்க ஆமையைக் கொண்டாடுகிறது. இப்போது பத்தொன்பது என்ன, இருபத்தைந்தாவது காட்டலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு கொரங்காட்டுக்குப் போனேன்.

அந்த வருஷமும் மழை நன்றாகவே பெய்தது. மூன்று நாள் வேலியோரமாகவே நடந்தேன். நாலே நாலு ஆமைதான் கிடைத்தது. நாலும் கிழட்டு ஆமைகள், இரண்டு கையால் தூக்க வேண்டியவை. பையில் போட்டு எடுத்துப் போகிற அளவில் ஒன்றுகூட இல்லை.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. கீரி தின்றிருக்குமோ? அப்படியானால் ஓடு கிடக்க வேண்டுமே. நோயா? செத்தவை எங்கே? இடம் மாறிவிட்டனவா? பக்கத்துக் காட்டிலும் போய்த் தேடினேன், இல்லை. பெரியவை மட்டும் மிஞ்சுவானேன்? நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகளாக எழுதினேன். கடைசியில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த தோழியிடம் கேட்டேன்.

"உன்ற போசி வாங்குன புள்ளைங்களக் கேளு" என்றாள்.

"என்ன சொல்ற?"

"சந்தை அன்னிக்கு ஒருத்தன் சைக்கிள்ல சாக்கு வச்சுக்கிட்டு வாரானல்லோ, அவன் இப்ப வாராவாரம் பள்ளிக்கொடத்துக்குப் பின்னால நிக்கறான். ஒரு ஆமைக்கு ஒரு ரூவா. சிறுசுக்கு ஒண்ணரை. பட்டணத்துக்குக் கொண்டுபோயி, அங்கிருந்து கப்பல்ல போகுதாமா."

நான் நோட்டை மூடினேன். அவள் விடவில்லை.

"அவன் இப்பப் புதுசா வரல புள்ள. மூணு வருசத்துக்கு முந்தியே வந்தான். ரெண்டு ரூவா தாரேன்னான். ஆரு போவா? ஆமையப் புடிச்ச கையோட எந்த ஊட்டுக்குள்ள உடுவாங்க? தெருவுல இருந்த பொம்பளைங்க சீமாறு எடுத்துக்கிட்டுத் தொரத்துனாங்க. சைக்கிளக்கூட ஓட்டாம தள்ளிக்கிட்டே ஓடுனான். இப்ப நீ சொல்லிக் குடுத்துட்டியே, தொட்டா ஒண்ணும் ஆவாதுன்னு. இப்ப ஒரு ரூவாயே போதுங்குது."

"இத ஏன் நீ முந்தியே சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ கேட்டியா?" என்றாள். "எனக்கு ஒரு கடுதாசி வந்துதல்லோ, 'குழு உறுப்பினர்'னு. தபால்காரரு படிச்சுச் சொன்னாரு. என்ற பேரக் காயிதத்துல எழுதறதுக்கு ஒரு வார்த்த கேக்கல நீ. அப்பறம் நானென்ன உனக்குச் சொல்றது?"

சங்கத்திலிருந்து எல்லா உறுப்பினருக்கும் கடிதம் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. நாலு மாசமாக அதை மனசில் வைத்துக்கொண்டு, தினமும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். பிள்ளைகள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. முதல் வாரம் அழுதாளே, அந்தப் பெண்தான் எழுந்து பெருமையாகச் சொன்னாள்: "நான் ஆறு புடிச்சுக் குடுத்தேனுங்க டீச்சர். எனக்குப் பயமே இல்லீங்க."

உட்காரு என்றேன்.

செயலாளர் வருகிற நாளும் வந்தது. ஜீப்பில் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சென்னைத் தமிழ் பேசினார். பிள்ளைகள் பாடினார்கள். வீட்டுப் பட்டியில் வளர்கிற ஆமையைப் பார்த்தார். ஒரு குழந்தை அதன் ஓட்டில் முத்தம் கொடுக்க, அதைப் படம் எடுத்துக்கொண்டார். அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் கொரங்காட்டுக்குக் கூட்டிப் போகாமல், மழைச் சேறு என்று சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"ரொம்ப பிரமாதம்மா. இத்தனை நாளில் நாங்க காசு குடுத்த இடத்துல இதுதான் டாப். மீதிப் பணம் அடுத்த மாசமே வந்துடும். அது மட்டுமில்ல, இதே முறையை இன்னும் பத்து ஊர்ல செய்யலாம்னு இருக்கோம். நீங்கதான் போய்ச் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

பத்து ஊர். இன்னும் பத்து ஊரில், யாரும் தொடாத ஆமைகள் வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றன. நான் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன். எனக்குப் பின்னாலேயே சைக்கிளில் சாக்கு வரும்.

ஆனாலும் உடனே வாயைத் திறந்தேன் என்று சொன்னால் பொய். அவர் இளநீர் குடித்து முடிக்கும்வரை சும்மா இருந்தேன். ஜீப்வரை கூடவே நடந்தேன். அப்பா பக்கத்தில் பூரித்துப்போய் நின்றார். டிரைவர் சாவியைத் திருப்பிய பிறகுதான், "சார், கொஞ்சம் இறங்குங்க. கொரங்காட்டுக்குப் போகலாம். சேறெல்லாம் இல்ல" என்றேன்.

நாலு கிழட்டு ஆமைகளையும், நோட்டில் இருந்த பத்தொன்பது எண்களையும் காட்டினேன். சாக்குக்காரனைச் சொன்னேன். உறுப்பினர் பெயரைக் கேட்காமலேயே எழுதியதையும் சொன்னேன். கொஞ்ச தூரத்தில் அந்த உறுப்பினரே ஆட்டுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வேலிக்கு அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்போ அந்தப் பயம் நல்லதுங்கறீங்களா?" என்று கேட்டார்.

"தெரியல சார். பயம் பொய்தான். ஆனா அதுதான் காவல் காத்திருக்கு. நான் காவலுக்கு வேற ஆள் வைக்காமலே அதைக் கழற்றிட்டேன்."

"இந்தத் திட்டத்துக்கு இனிமே பணம் தர முடியாது" என்றார். டைரியை எடுத்தபடி, "புதுசா ஒண்ணு எழுதுங்க. பங்குனிக்குள்ள அனுப்புங்க. தருவோம்னு சொல்லல, படிப்போம்" என்றார். அந்தப் பத்து ஊர் யோசனையை அங்கேயே, என் கண் முன்னாலேயே, டைரியில் கோடு போட்டு அடித்தார். அதற்காக அவருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஜீப் போன பிறகு தோழி பக்கத்தில் வந்தாள்.

"போச்சா பணம்?"

"போச்சு."

"வாயிருக்குது உனக்கு" என்றாள். சிரிக்கவில்லை. "கெட்டிக்காரின்னு நெனச்சுப்போட்டேன் இத்தன நாளா."

அது திட்டா பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவளும், அவளோடு ஆடு மேய்க்கிற இன்னும் ஐந்து பெண்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் கூப்பிடவில்லை, அவள்தான் கூட்டி வந்தாள். இந்தத் தடவை நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பது மட்டும் என்று உட்கார்ந்தேன். கேட்டதில் பாதி எனக்குப் புதுசு. எந்த வேலியில் எத்தனை ஆமை, எது எந்த மழைக்கு வெளியே வரும், எது முட்டையிட எங்கே மண்ணைப் பறிக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தொடாமலேயே இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

சாக்குக்காரனைப் பற்றிக் கவலைப்பட்டேன். "அவன எங்ககிட்ட உட்ருங்க அம்மிணி, சீமாறு இன்னும் தேயல" என்றார் அதில் மூத்தவர். அடுத்த சந்தைக்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆறு பேரும் ஆட்டோடு போய் நின்றார்கள். அதற்கடுத்த வாரம் அவன் வரவில்லை.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதில்தான் பெரிய சண்டை. மறுபடி பயமுறுத்திவிடலாம், ஆமை வந்தால் வீடு உருப்படாது என்று நீயே சொல்லிவிடு என்றாள் தோழி. படித்துவிட்டு அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியாது என்றேன். ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் 'ஆமை வீட்டுக்குள்ளே வரக் கூடாது' என்று மட்டும் சொல்வது என்று முடிவானது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், வீட்டுக்குள் வந்த ஆமை பிழைக்காது என்று நான் சொல்வேன். வீடு பிழைக்காது என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். பட்டி கட்டிய வீட்டு ஆமையையும் திரும்பக் கொண்டுவந்து வேலிக்குள் விட்டாயிற்று. இப்போது ஐந்து.

பிறகு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சம்பளம் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது வேலியை. கால்வாய்த் தண்ணீர் இந்தப் பக்கம் வரப்போகிறது. பொள்ளாச்சிக்காரர் கிளுவையைப் பிடுங்கிவிட்டு நிலக்கடலை போடப் போகிறாராம். வேலி போனால் ஆடு எங்கே மேயும், ஆமை எங்கே ஒதுங்கும்? ஐந்து வருஷத்துக்குக் கொரங்காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தால், வேலியையும் ஆமையையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஆட்டுக்காக ஆமை பிழைக்கும், ஆமைக்காக ஆடு பிழைக்கும் என்று இல்லை.

இதை எழுதும்போது மாசி பிறந்துவிட்டது. புதிய படிவம் மேசைமேல் இருக்கிறது. போன தடவை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்த அதே இரண்டு கேள்விகள். இந்தத் தடவை இரண்டு மாசமாகியும் முடியவில்லை. உறுப்பினர் பகுதியில் ஐந்து பேர் தாங்களாகவே கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டார்கள். தோழி மட்டும், பொள்ளாச்சிக்காரர் முகத்தைப் பார்த்த பிறகுதான் போடுவேன் என்கிறாள். வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் ஏழு பேரும் அவர் வீட்டுக்குப் போகிறோம். குத்தகை தருவாரா, பெண்பிள்ளைகள் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாரா, சங்கம்தான் பணம் தருமா, ஒன்றும் தெரியாது. ஒரு நம்பிக்கையை உடைப்பதற்கு முன்னால் அது எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள நான் கொடுத்த விலை பதினான்கு ஆமைகள். மிச்சமுள்ள ஐந்துக்காகப் பேசப் போகும்போது, முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பேசுகிறவளாகப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போதைக்கு என் திட்டம்.